கரிசல் அலையில் அடங்கும் கார்: பழைய ஃபியட் லீனியா டி-ஜெட்

சூலக்கரையிலிருந்து தெற்கே சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று நாலுவழிச் சாலையில் அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் உடம்பிலேயே பதிந்திருக்கும். ரோடு பார்வைக்கு நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். தாரும் உடையாமல் இருக்கும். ஆனாலும் தொண்ணூறில் போகும்போது வண்டி மெதுவாக மேலே எழும்பி மெதுவாகக் கீழே இறங்கும். காரணம் அடியில் கிடக்கிற கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறி உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வருஷா வருஷம் இப்படி மூச்சு விடுகிற மண்ணின் மேல் எவ்வளவு நன்றாக ரோடு போட்டாலும் கொஞ்ச நாளில் நீளநீளமாக அலை விழுந்துவிடும்.

இதோடு ஓடைப் பாலங்கள் வேறு. பாலம் ஆழமான அஸ்திவாரத்தில் அசையாமல் நிற்கிறது. இரண்டு பக்கமும் மண் கொட்டி உயர்த்திய ரோடு கொஞ்சம் கொஞ்சமாக அமுங்குகிறது. அதனால் ஏறும்போது ஒரு தூக்கல், இறங்கும்போது ஒரு தூக்கல். காரின் குணம் தெரிவது இந்த இடத்தில்தான். நல்ல சஸ்பென்ஷன் ஒரு முறை அமுங்கி, ஒரு முறை எழுந்து, அத்தோடு அடங்கிவிடும். அடங்காத வண்டி இரண்டாவது, மூன்றாவது ஆட்டமும் ஆடும். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதால் அவருக்குப் பெரிதாகத் தெரியாது. பின்சீட்டில் இருப்பவருக்குக் கோவில்பட்டி வருவதற்குள் கழுத்து வலிக்கும், வயிற்றைப் பிரட்டும்.

பழைய ஸ்போர்ட்டி செடான் ஒன்று வேண்டும், லாங் டிரைவுக்கும் சொகுசாக இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் முதலில் குதிரைத்திறனைத்தான் விசாரிக்கிறார்கள். நம் பக்கத்து ரோட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது இந்த அடங்கல்தான். பல மாதமாக என் கையில் இருக்கும் 2014 மாடல் ஃபியட் லீனியா டி-ஜெட் இந்த ஒரு குணத்தால்தான் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வைக்கிறது.

விவரம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கார் புதிதல்ல. லீனியா 2009-இல் இந்தியாவுக்கு வந்தது, டி-ஜெட் 2010-இல். 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், 114 பி.எஸ்., 207 நியூட்டன் மீட்டர், ஐந்து கியர் மேனுவல், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். புனேக்குப் பக்கத்தில் ராஞ்சன்காவ் ஆலையில் செய்தார்கள். இன்றைக்கு இந்த எண்கள் யாரையும் அசத்தாது. ஸ்கோடா ஆக்டேவியா 1.8 இதைவிட எவ்வளவோ வேகம்: 180 பி.எஸ்.

ஆனால் அலையில் விட்டுப் பாருங்கள். பாலத்தின் ஏற்றத்தில் மூக்கு எழும்பும், இறங்கும்போது முழு எடையும் ஸ்பிரிங்கில் உட்காரும், அடுத்த நொடியில் கார் சமமாகிவிடும். அமுக்கம் முரட்டுத்தனமாக இருக்காது, எழும்பல் துள்ளலாக இருக்காது. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம் என்று எல்லோரும் போடுகிற அதே சாதாரண அமைப்புதான். ஷாக் அப்சார்பரை எவ்வளவு இறுக்குவது, ஸ்பிரிங்கை எவ்வளவு இளக்குவது என்ற கணக்கை ஃபியட் இன்ஜினியர்கள் உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள். வண்டியும் கனம், 1200 கிலோவுக்கு மேல். அந்தக் கனம் இங்கே உதவுகிறது. முதுகு வலிக்காரரான என் அம்மா திருச்செந்தூர் போகும்போது இந்தக் காரின் பின்சீட்டில் எட்டயபுரம் தாண்டுமுன் தூங்கிவிடுகிறார். முன்பு வைத்திருந்த காரில் வழி நெடுக "மெதுவாப் போப்பா, மெதுவாப் போப்பா" என்றுதான் வருவார். வேகம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

ஸ்டியரிங் ஹைட்ராலிக் வகை. பார்க்கிங்கில் கொஞ்சம் கனக்கும். நாலுவழிச் சாலையில் அந்தக் கனம் நம்பிக்கையைத் தருகிறது. ஆனி, ஆடி மாதங்களில் கயத்தாறு காற்றாலைப் பக்கமும், இன்னும் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது உயரமான எஸ்.யு.வி.க்கள் லேன் விட்டு லேன் நகர்வதைப் பார்க்கலாம். லாரியைத் தாண்டியதும் அந்த மறைப்பு விலகிக் காற்று ஒரே அறையாக அறையும். லீனியா அப்போது லேசாக அசைகிறது, விரல் அளவு திருத்தினால் போதும். எல்லோரும் எஸ்.யு.வி.க்குப் போய்விட்ட காலத்தில் ஒரு தாழ்ந்த செடானை நான் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு ஆடி மாதக் கயத்தாறுதான் என் பதில்.

வாங்குவதற்கு முன் மற்றவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். ஃப்ளூயிடிக் வெர்னா 1.6 டீசலுக்கு 128 பி.எஸ். இழுவை, மிரட்டும். அதே அலையில் அதன் பின்பக்கம் இரண்டாம் ஆட்டம் போடும். சக்தி இருந்தும் மனசு ஆக்சிலரேட்டரை மிதிக்க விடாது. ஹோண்டா சிட்டியின் இன்ஜின் அருமை, வண்டி லேசு. டயர் சத்தம் முழுக்க உள்ளே கேட்கும். வென்டோ 1.2 டி.எஸ்.ஐ. இந்த ரோட்டில் நன்றாகவே உட்காருகிறது. எனக்குத் தயக்கம் அதன் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டியைப் பற்றியது. ஆக்டேவியா 1.8-இலும் அதே ரகம்தான்: எண்ணெயில் ஊறாத டிரை கிளட்ச். சிவகாசி டவுனுக்குள் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் அரைகுறையாகவே பிடித்துப் பிடித்துச் சூடேறும். பத்து வருஷப் பழைய வண்டியில் அந்தப் பெட்டியின் மெகாட்ரானிக்ஸ் போனால், அந்தச் செலவு காரின் விலையில் நல்ல பங்கைத் தின்றுவிடும். பணமும் மனத்தெம்பும் இருப்பவருக்கு ஆக்டேவியா 1.8 இதைவிட நல்ல கார்தான், அதில் சந்தேகமே இல்லை. அதன் பின்னால் இருக்கும் மல்டி-லிங்க் சஸ்பென்ஷனை ஒரு முறை அனுபவித்தவர் மறக்க மாட்டார்.

பழைய கார் மார்க்கெட்டில் ஒரு விஷயம் எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. ஸ்போர்ட்டி கார் என்றதும் கம்பெனி வீலைக் கழற்றி எறிந்துவிட்டுப் பதினேழு, பதினெட்டு இன்ச் அலாய் போட்டு, ரப்பர் பட்டை மாதிரி மெல்லிய டயர் மாட்டுகிறார்கள். சிலர் ஸ்பிரிங்கையே வெட்டி வண்டியைத் தரையோடு படுக்க வைக்கிறார்கள். போட்டோவில் கம்பீரமாகத்தான் இருக்கும். டி-ஜெட்டுக்குக் கம்பெனி கொடுத்தது 205/55 ஆர்16. அந்த டயரின் பக்கச்சுவர் உயரத்தையும் சேர்த்துத்தான் சஸ்பென்ஷன் கணக்கே போட்டிருக்கிறார்கள். பக்கச்சுவர் குறைந்தால் ஒவ்வொரு பாலத்து இணைப்பும் இடுப்பில் இடிக்கும். வெட்டின ஸ்பிரிங்கில் ஷாக் அப்சார்பர் தன் பாதித் தூரத்திலேயே வேலை செய்து சீக்கிரம் செத்துப்போகும். காரின் உயிரே அதில்தான் இருக்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டு "ஃபுல் மாடிஃபைடு" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்கள். ஒரிஜினல் வீல் கூடவே வராத வண்டியை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஷாக் அப்சார்பரைச் சோதிக்கப் பம்பரில் கையை வைத்து அமுக்கிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. இந்தப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அண்ணாச்சி, கையால அமுக்குனா செத்துப்போன ஷாக் மட்டும்தான் தெரியும். சாகக் கெடக்குறது தெரியாது. பின்னால ரெண்டு ஆள ஒக்கார வச்சு, பாலத்துல ஏத்தி எறக்குங்க." அவர் சொன்னது சரி. யார்டைச் சுற்றி ஒரு ரவுண்டு போவது டெஸ்ட் டிரைவே அல்ல. நாலுவழிச் சாலைக்குக் கொண்டுபோக விடாத வியாபாரியிடம் வாங்கவும் வேண்டாம். பின்சீட்டில் வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்கார வையுங்கள். மீட்டர் காட்டாததை அவர் சொல்லுவார். மெதுவாகப் போகும்போது முன்பக்கம் "டக் டக்" என்று கேட்டால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் இவற்றைப் பாருங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கேட்டால் ஸ்ட்ரட் மவுண்ட். இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது. நம் வெயிலில் ஓடாமல் நிற்கிற டயரும் கெட்டிப்பட்டுப்போகும். பட்டன் தேயாமல் பளபளவென்று இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். வயதான டயரோடு ஓட்டிப் பார்த்துவிட்டு "இந்தக் கார் சத்தம் போடுது" என்று ஒதுக்கவும் வேண்டாம். என் வண்டியில் நாலு டயரையும் மாற்றியதும் உள்ளே பேச்சுக்குரல் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளம், கேரளா வண்டி என்றால் 2018 வெள்ளம் இரண்டையும் மனதில் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவாத அந்தக் கடைசி முழத்தில் தண்ணீர் நின்ற கறையும் சேற்று வாடையும் தங்கியிருக்கும். சீட்டை முன்னால் தள்ளி, தண்டவாளத்துக்கு அடியில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும். இடது கால் வைக்க இடமில்லை. கிளட்ச்சுக்குப் பக்கத்தில் கால் ஓய்வெடுக்க ஒரு மேடை பல கார்களில் இருக்கும். இதில் காலை மடக்கிப் பின்னால் வைக்க வேண்டும், அல்லது கிளட்ச்சுக்கு அடியில் நுழைக்க வேண்டும். இவ்வளவு நல்ல நெடுஞ்சாலைக் காரில் இந்த ஒன்றை எப்படி விட்டார்கள் என்று ஒவ்வொரு நீளப் பயணத்திலும் எனக்குக் கோபம் வருகிறது. அடுத்தது டர்போ. 2,000 சுற்றுக்குக் கீழே இன்ஜின் சோம்பலாக இருக்கும். திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குள் போகும்போது ஸ்பீடு பிரேக்கர் தாண்டி ஒவ்வொரு முறையும் கியரைக் குறைத்தாக வேண்டும். 2,200 தாண்டிவிட்டால் கவலையில்லை, நாலாவது கியரிலேயே லாரியைக் கடந்துவிடும். மைலேஜ் நாலுவழிச் சாலையில் 13, 14 வரும். ஊருக்குள் பத்தைத் தொட்டால் அதிர்ஷ்டம்.

எல்லோரும் பயமுறுத்துவது ஸ்பேரைச் சொல்லித்தான். பி.எஸ். 6 புகை விதி வருவதற்கு முன்பே ஃபியட் தன் கார்களை இங்கே நிறுத்திவிட்டது. 2021-இல் தாய்க் கம்பெனி ஸ்டெல்லாண்டிஸ் ஆனது. ராஞ்சன்காவில் இப்போது ஜீப் செய்கிறார்கள், ஃபியட்காரர்களும் ஜீப் சர்வீஸ் சென்டர்களைத்தான் நம்பியிருக்கிறோம். ஃபில்டர், பிரேக் பேட், சஸ்பென்ஷன் சாமான்கள் தேடினால் கிடைக்கின்றன. ஹெட்லைட், பம்பர், உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் இவற்றுக்குத்தான் அலைச்சல். எனவே அடிபட்ட லீனியாவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். இவ்வளவு நல்ல காரை விற்கத் தெரியாமல் விட்டுப்போன கம்பெனி இது. மாருதி ஸ்விஃப்ட் டீசலில் லட்சக்கணக்கானோர் ஓட்டியது ஃபியட்டின் 1.3 மல்ட்டிஜெட் இன்ஜினைத்தான் என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

வாங்கியவுடன் செய்யவேண்டிய ஒரே அவசர வேலை டைமிங் பெல்ட். டி-ஜெட் இன்ஜினில் இருப்பது செயின் அல்ல, ரப்பர் பெல்ட். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் வயதானால் அறும், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் போய்விடும். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, டென்ஷனர், வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள். பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. 2016-இல் வந்த 125 எஸ் மாடலுக்கும் இதே கதைதான். அதில் 125 பி.எஸ். வருகிறது, கடைசி வருஷங்களின் வண்டி என்பதால் உடம்பும் இளசு. ஒரிஜினல் வீலோடு அடிபடாத 125 எஸ் ஒன்று கண்ணில் பட்டால் என் 2014-ஐ விற்றுவிட்டு அதை எடுப்பேன்.