கிடைக்காத பெட்டியும் படிக்காத பதிவேடும்: தஞ்சை விமானதள வரலாற்றுத் தேடல் பற்றி ஒரு திறனாய்வு

போர் விமான வரலாற்றை ஆராய்வோரிடையே நெடுங்காலமாக ஓர் எதிர்பார்ப்பு உண்டு. ஏதோ ஒரு வீட்டுப் பரணிலோ அலுவலகக் கிடங்கிலோ யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஆவணக் கட்டும் புகைப்பட ஆல்பமும் ஒருநாள் வெளிப்பட்டு, எழுதப்பட்ட வரலாற்றின் இடைவெளிகளை அடைத்துவிடும் என்பதே அது. ஓய்வுநேர ஆசையாகத் தொடங்கிய இந்த எதிர்பார்ப்பு, முன்னாள் வீரர்களின் குடும்பங்களைத் தேடிச் செல்வது, ஏலத்தில் வரும் ஆல்பங்களை வாங்குவது, விமானத்தின் உடலில் எழுதப்பட்ட வரிசை எண்ணைக் கொண்டு படத்தின் காலத்தைக் கணிப்பது என்று இன்று ஓர் ஆய்வுமுறையாகவே வளர்ந்திருக்கிறது. இம்முறையின் பலத்தையும் குறையையும் எடைபோடத் தஞ்சாவூர் விமானதளம் பொருத்தமான களம்.

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையை ஒட்டிய இத்தளம், இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனின் அரச விமானப்படையான ஆர்.ஏ.எஃப். பயன்படுத்திய தளங்களுள் ஒன்று. சிங்கப்பூரில் பழைய இரட்டைச் சிறகு விமானங்களைக் கொண்டு போரிட்டு, 1942 ஜனவரியில் மலேயாவின் எண்டாவ் கடற்கரைத் தாக்குதலில் பேரிழப்புக்கு உள்ளாகி, ஜாவாவில் சிதறிப்போன 36ஆம் ஸ்குவாட்ரன், அதே ஆண்டு அக்டோபரில் தஞ்சாவூரில்தான் மறுபடி உருவாக்கப்பட்டது. இரட்டை எஞ்சின் கொண்ட வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானங்கள் அதற்கு வழங்கப்பட்டன. எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி இந்தியாவின் கிழக்குக் கடற்பரப்பில் ரோந்து சுற்றிய அப்படைப்பிரிவு, 1943 ஜூனில் அல்ஜீரியாவுக்குப் புறப்பட்டுச் சென்றது. 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்கள் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்ததையும், பர்மா வீழ்ந்ததால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்று சென்னை மாகாணம் காவிரி டெல்டாவின் நெல்லை முன்னிலும் அதிகமாக நம்ப வேண்டியிருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், நெற்களஞ்சியத்தின் ஓரத்தில் ஒரு குண்டுவீச்சுப் படைப்பிரிவு நிறுத்தப்பட்டதன் பொருள் விளங்கும். 2013 மே மாதம் இத்தளம் இந்திய விமானப்படை நிலையமாகத் தொடங்கிவைக்கப்பட்டதும், 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமானங்களைக் கொண்ட 222ஆம் ஸ்குவாட்ரன் இங்கே நிலைகொண்டதும் செய்தித்தாள் வாசகர் அறிந்தவை. போர்க்காலத் தஞ்சையைப் பற்றி அவர்கள் அறிந்தது குறைவு.

இக்குறைவை நீக்க முனையும் தேடலுக்கு மூன்று பலங்கள் உண்டு. முதலாவது, காலத்தோடு போட்டியிட்டு அழிவைத் தடுப்பது. பழைய படச்சுருள்களின் அடித்தளமான செல்லுலோஸ் அசிட்டேட், வெப்பமும் ஈரப்பதமும் கூடிய இடங்களில் சிதைந்து, காடி நெடி வீசத் தொடங்கிச் சுருங்கிப்போகும். ஒளியுணர் பூச்சைத் தாங்கும் ஜெலட்டினில் பூஞ்சை படரும். டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓட்டுவீட்டுப் பரணில் கிடக்கும் சுருளுக்கும் ஆல்பத்துக்கும் இந்தக் கதி தப்பாது. இரண்டாவது, அரசு மௌனம் காக்கும் இடங்களில் பேசுவது. 1965, 1971 போர்களைப் பற்றிப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு எழுதிய நூல்கள் பல்லாண்டுகள் வெளியிடப்படாமல் கிடந்தபோது, விமானப்போரின் வரலாற்றை ஆர்வலர்களே ஓய்வுபெற்ற விமானிகளின் பறப்புக் குறிப்பேடுகளையும் தனிப்பட்ட படங்களையும் கொண்டு கட்டியெழுப்பினர். பி.வி.எஸ். ஜகன் மோகனும் சமீர் சோப்ராவும் 1965 வான்போரைப் பற்றி எழுதிய நூல் அம்முயற்சியின் நல்ல விளைவு. ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குள் பொதுவாக வெளிப்படுத்த வேண்டும் என்ற கொள்கையை அமைச்சகம் 2021இல்தான் அறிவித்தது. மூன்றாவது, நுட்பமான அடையாள அறிவு. வண்ணப்பூச்சின் மாற்றம், வால்பகுதிக் குறியீடு, எஞ்சினின் உறை ஆகியவற்றைக் கொண்டு, தேதியற்ற ஒரு படத்தை ஒரு பருவத்துக்குள் அடக்கிவிடும் திறமை பல்கலைக்கழக வரலாற்றாசிரியரிடம் எளிதில் காணக்கிடைப்பதில்லை.

குறைகளும் இதே வேரிலிருந்தே முளைக்கின்றன. கண்டெடுப்பதே புகழ் தருவதால், கண்டெடுத்த பொருள் சொத்தாகிவிடுகிறது. ஒரு வீரர் தம் பணிக்காலம் முழுவதையும் வரிசையாக ஒட்டிவைத்த ஆல்பத்தை வாங்கும் வணிகர், விமானம் உள்ள படங்களைத் தனித்தனியே பிரித்து விற்றால் கூடுதல் விலை கிடைக்கும் என்பதால் தாள் தாளாகக் கிழித்து விற்கிறார். எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம் இருந்தது, பின்பக்கத்தில் யார் கையெழுத்து இருந்தது என்பவை அதோடு போய்விடுகின்றன. வாங்கிய சேகரிப்பாளரும் நகல் எடுக்கவிடாமல் பூட்டிவைத்தால், பரணில் மறைந்திருந்த படம் பீரோவில் மறைந்ததே மிச்சம். மேலும், இச்சந்தையின் பார்வை எந்திரத்தின் மீதே குவிகிறது. பின்னணியில் மண் சுமக்கும் பெண்களும் கூடாரம் அடிக்கும் கூலிகளும் நிற்கும் படத்தில் வெல்லிங்டனின் இறக்கைமுனை தெரிந்தால் அதற்கு விலை உண்டு; இறக்கை தெரியாவிட்டால் அது வெறும் பழைய படம்.

கனவு ஆய்வையே திசைதிருப்பும் ஆபத்தும் இருக்கிறது. போர் முடிந்தபோது பெட்டியில் அடைத்த ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் பர்மாவில் புதைக்கப்பட்டன என்ற செய்தியை நம்பி, 2013 ஜனவரியில் ரங்கூனின் மிங்கலாடன் விமானதளத்தில் அகழாய்வு நடந்தது. விமானம் எதுவும் அகப்படவில்லை. கப்பல் சரக்கு ஆவணங்களைத் தேடிப் படித்தபோது, பெட்டியில் அடைத்த ஸ்பிட்ஃபயர்கள் ரங்கூன் துறைமுகத்துக்கு வந்ததற்கே சான்று இல்லை என்று தெரிந்தது. பல ஆண்டுகள் உலவிய கதையை முடித்துவைத்த தாள்கள் எவராலும் மறைக்கப்பட்டவை அல்ல. இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் இதே உண்மையைக் காட்டுகிறது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் வான்படங்கள் 1944இல், பக்கத்தில் இருந்த ரசாயனத் தொழிற்சாலையைக் குறிவைத்து எடுத்த படச்சுருள்களில் பதிவாகி, அமெரிக்க உளவுத்துறைக் காப்பகத்தில் முறையாக எண்ணிட்டு வைக்கப்பட்டிருந்தன. உளவுத்துறையில் பணியாற்றிய டினோ புரூஜியோனியும் ராபர்ட் பொய்ரியரும் புதிய கேள்வியோடு அவற்றை எடுத்துப் பார்த்த பிறகே, 1979இல் உலகம் அவற்றை அறிந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் அப்படங்களை மறைத்து வைத்திருந்தது பூட்டு அன்று, கேட்கப்படாத கேள்வி.

இந்த அளவுகோலைத் தஞ்சாவூருக்குப் பொருத்தினால், இருவகைப் பதிவேடுகளை அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றும். ஒன்று, லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.ஐ.ஆர். 27 என்ற வரிசையில் காக்கப்படும் ஸ்குவாட்ரன் செயற்பாட்டுப் பதிவேடு. அதன் 540ஆம் எண் படிவத்தில் இடம், தேதி, நேரம், நிகழ்வின் சுருக்கம் ஆகியவையும், 541ஆம் எண் படிவத்தில் விமானத்தின் எண், அதில் சென்றவர்களின் பெயர், பணி, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் ஆகியவையும் கட்டம் கட்டமாகப் பதிவு செய்யப்பட்டிருக்கும். மற்றொன்று, கிராமக் கணக்குகளில் தலையாயதாகிய அ-பதிவேடு, அதாவது ஒரு கிராமத்தின் நிலம் ஒவ்வொன்றின் நிலையான விவரங்களையும் சர்வே எண் வாரியாகக் கூறும் ஏடு. அதில் நன்செயா புன்செயா, பாசன ஆதாரம் எது, மண்ணின் தரம் என்ன, தீர்வை எவ்வளவு, பரப்பு எவ்வளவு, பட்டாதாரர் யார் என்ற கட்டங்களை அடுத்துக் குறிப்புக் கட்டம் ஒன்று இருக்கும். முதல் பதிவேட்டில் தஞ்சாவூர் வெறும் இடப்பெயர். ஓடுபாதைக்கு அடியில் யாருடைய நிலம் இருந்தது என்று அது கேட்பதில்லை. இரண்டாவதில் விமானமே இல்லை. பட்டா நிலம் எப்போது அரசு நிலமாக மாறியது என்பதே அதன் கவலை. வல்லத்தை ஒட்டிய செம்புறாங்கல் மேட்டுநிலம் ஆற்றுப்பாசன நன்செயைவிட ஓடுபாதைக்கு ஏற்றது என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் அம்மேட்டில் கடலையும் வரகும் விளைத்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஈடு கிடைத்தது என்பதை வெல்லிங்டனின் எந்தப் புகைப்படமும் சொல்லாது. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படியோ, 1939ஆம் ஆண்டு இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படியோ போர்க்கால அரசு நிலத்தை எடுத்தபோது, அவ்வேலை வருவாய்த் துறைக் கோப்புகளின் வழியாகவே நடந்தது.

அக்கோப்புகளின் கதி, பரணில் கிடக்கும் ஆல்பத்தின் கதியைக் காட்டிலும் கவலைக்குரியது. அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு முடிக்கப்படும்போது அதை ஓ.மு., மூ.மு., ப.மு. என்று ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு வைத்திருக்க வேண்டிய முடிவுகளாக வகைப்படுத்துவது வழக்கம். நிரந்தரமாகக் காக்க வேண்டியவை வேறு. ஆக, எழுத்தர் ஒருவர் அட்டையில் இட்ட ஈரெழுத்துக் குறியே ஒரு கிராமத்தின் போர்க்கால நினைவு வாழ வேண்டுமா எரிய வேண்டுமா என்பதைத் தீர்மானித்தது. 1980இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறை ஒழிக்கப்பட்டுக் கணக்குகள் கைமாறியதும், 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தால் புதிய ஏடுகள் நடைமுறைக்கு வந்ததும், பழைய ஏடுகளின் அன்றாடப் பயனை மேலும் குறைத்தன. மத்திய அரசின் ஆவணங்களைக் காக்கும் 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் மாநில வருவாய்த் துறையைக் கட்டுப்படுத்தாது. தேடல்காரர்களின் ஆர்வத்தில் ஒரு பகுதி இந்தப் பக்கம் திரும்பியிருந்தால், விமானதளங்களின் வரலாறு விமானங்களின் வரலாறாகச் சுருங்கியிருக்காது.

படங்களின் பற்றாக்குறைக்குச் சட்டமும் ஒரு காரணம் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. அரசு விமானதளத்தில் அனுமதியின்றிப் படமெடுப்பதை 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 13ஆம் விதி தடுத்தது. 1923ஆம் ஆண்டு அலுவல்சார் ரகசியச் சட்டம் அதற்கு மேலும் வலுச் சேர்த்தது. எனவே இந்தியத் தரைப்பணியாளர் எடுத்த படங்களைவிட, ஊர் திரும்பிய பிரிட்டிஷ் வீரர்களின் ஆல்பங்களே அதிகம் எஞ்சியதில் வியப்பில்லை; எவர் கையில் கேமரா இருந்ததோ அவர் பார்வையே எஞ்சியது. இச்சாய்வை ஓரளவு சரிசெய்யக்கூடிய மூலம் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள். சீருடையில் வீட்டுக்கு வந்த மகனை நாற்காலியில் அமர்த்திப் படம் எடுத்துக்கொள்வது குடும்ப வழக்கமாக இருந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவாபத்துள்ள ஆவணங்கள் திட்டத்தின் உதவியுடன் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ் ஸ்டூடியோப் படங்களை மின்னணுப் படிகளாக்கியது ஒரு நல்ல முன்மாதிரி. அங்கே மூலப்படம் உரியவரிடமே இருக்க, படியும் விவரமும் பொதுவாகின்றன.

தஞ்சாவூருக்கு இது புதிய பாடமும் அன்று. மராட்டிய மன்னர் காலத்து மோடி எழுத்து ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருந்தும், அவ்வெழுத்தைப் படிப்பவர் அருகிப்போனதால் ஊமையாகக் கிடந்தன. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றைத் தமிழாக்கிப் பதிப்பித்த பிறகே அரண்மனையின் அன்றாடச் செலவும் வழக்கும் வரலாற்றுக்குள் வந்தன. அங்கே புதையலை எடுத்துத் தந்தது பொறுமையான வாசிப்பு.

ஆகவே கண்டுபிடிக்கப்படாத காப்பகத்தைத் தேடும் ஆர்வத்தைக் குறைகூறி ஒதுக்குவது நியாயமாகாது. அது இல்லையென்றால் காப்பாற்றப்பட்ட பலவும் காயலான் கடைக்குப் போயிருக்கும். ஆனால் அது பட்டியலிடுதல், ஒப்பிடுதல், பகிர்தல் ஆகிய சுவையற்ற வேலைகளுக்குத் துணையாக நிற்க வேண்டுமேயன்றி மாற்றாகக் கூடாது. 1942 அக்டோபர் முதல் 1943 ஜூன் வரையிலான 36ஆம் ஸ்குவாட்ரன் பதிவேட்டையும், தளத்தைச் சூழ்ந்த கிராமங்களின் பழைய அ-பதிவேடுகளில் எஞ்சியவற்றையும் ஒரே மேசையில் விரித்து, தேதிக்குத் தேதி, சர்வே எண்ணுக்குச் சர்வே எண் ஒப்பிடுவது இன்றைக்கே தொடங்கக்கூடிய பணி. அது முடிந்த பின் ஏதேனும் ஒரு பரணிலிருந்து ஆல்பம் ஒன்று இறங்கி வந்தால், அதில் நிற்கும் விமானத்தின் எண்ணை மட்டுமல்லாமல், அது நிற்கும் நிலம் யாருடையது என்பதையும் சொல்ல ஆய்வாளரால் இயலும்.