கதனகுதூகலத்துக்கு ஒரு பிரேக்

இந்த மார்கழியில் சபா கேன்டீன்களில் அதிகம் அடிபட்டது, கதனகுதூகல ராகத்தில் அமைந்த ‘ரகுவம்ச சுதா’வை ஒரு படி காலம் இறக்கி எடுத்த அந்த இளம் பாடகியின் முடிவு. ‘மூச்சு பத்தலை, அதான்’ என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. மூச்சு பத்தாதவர் சிட்டஸ்வரத்தை அவ்வளவு நிதானமாகப் பாடத் துணிய மாட்டார். காலம் இறங்க இறங்கத்தான் மூச்சுக்கு வேலை அதிகம். கிருதி யாருடையது என்று யோசித்திருந்தாலே இந்தப் பேச்சு வந்திருக்காது. பட்டணம் சுப்பிரமணிய ஐயர் (1845–1902), தியாகராஜரின் சீடரான மானம்புச்சாவடி வெங்கடசுப்பையரிடம் பாடம் கேட்டவர்; பூச்சி சீனிவாச ஐயங்காருக்கும் மைசூர் வாசுதேவாசாருக்கும் குரு. ‘பேகடா’ சுப்பிரமணிய ஐயர் என்றே அவருக்குப் பெயர். பேகடாவில் மத்திமமும் நிஷாதமும் நின்று பேசினால்தான் ராகம் முகம் காட்டும். அதில் ஊறியவர் கதனகுதூகலத்தை வெறும் ரேஸ் குதிரையாகவா விட்டிருப்பார்?

ஆரோகணத்தைப் பாருங்கள்: ஸரிமதநிகபஸ. நிஷாதம் வரை ஏறி, மேல் ஷட்ஜம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது காந்தாரத்துக்குத் தொப்பென்று விழுந்து, பஞ்சமத்தைத் தொட்டு மறுபடி தாவுகிறது. வழக்கமான ஓட்டத்தில் இது ஒரு குலுக்கல், அவ்வளவே. இந்தப் பாடகி நிஷாதத்தில் ஒரு கணம் தங்கினார், ஷட்ஜத்துக்குக் காது காத்திருந்தது, வந்தது காந்தாரம். ராகத்தின் குறும்பே அங்கேதான் இருக்கிறது. கமகத்துக்கு அதிகம் இடம் கொடுக்காத ராகம், மெதுவாகப் பாடினால் பல்லிளிக்கும் என்பார்கள். பாதி உண்மை. அவரோகணம் சங்கராபரணத்தின் நேர் இறக்கம். அங்கே அனுபல்லவி தொய்யத்தான் செய்தது. மிருதங்கமும் பழைய ஓட்டத்தையே பிடித்து இழுத்தது. அது ஒத்திகை போதாத குறை, முடிவின் குறை அல்ல. சரி, கச்சேரிக்கு விறுவிறுப்பு வேண்டாமா? அதற்கு சுப்பிரமணிய ஐயருடைய ஆபோகி வர்ணம் ‘எவரி போதன’ இருக்கிறதே, இரண்டு காலமும் பாடட்டும். பாவம், அதைத் தொண்டை சூடேற்றும் சாமானாக்கி வைத்திருக்கிறோம்.

அடுத்த சீசனில் இரண்டு மூன்று பேராவது இந்தக் காலப்பிரமாணத்தைக் காப்பியடிப்பார்கள். நிஷாதத்தில் நிற்பதை மட்டும் பிடித்துக்கொண்டு கெடுக்கவும் செய்வார்கள். இவர் அதற்குள் பேகடாவை மெயினாக எடுத்துவிடுவார் என்பது என் பந்தயம். அன்றைக்காவது தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் கேன்டீனுக்கு எழுந்துவிடாதீர்கள்.