மரக்கூழ்த்தாளில் எதிர்காலம்: ஆரம்பகால விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகைகள் பற்றிய ஒரு நோக்கு

வெகுசன இலக்கியத்தைக் குப்பையென ஒதுக்குவோர் உளர். வாசகர் தொகையையே அதன் தகுதிக்குச் சான்றாகக் காட்டுவோரும் உளர். அவ்விலக்கியம் எத்தகைய உற்பத்தி உறவுகளினூடாகத் தோன்றுகின்றது என்னும் வினாவை இவ்விரு சாராரும் எழுப்புவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1920களிலும் 1930களிலும் மலிவான மரக்கூழ்த்தாளில் வெளிவந்த விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகைகளை இவ்வினாவின் துணைகொண்டே நோக்குதல் வேண்டும்.

1926 ஏப்ரிலில் 'அமேசிங் ஸ்ரோரீஸ்' சஞ்சிகையைத் தொடங்கிய ஹியூகோ கேர்ன்ஸ்பாக், வானொலி உதிரிப்பாகங்களை விற்றவர்; மின்னியற் சஞ்சிகைகளை வெளியிட்டவர். 1911இல் அவர் எழுதத் தொடங்கிய தொடர்கதை, வருங்காலக் கருவிகளின் விலைப்பட்டியல் போன்றே அமைந்தது. விஞ்ஞானம் இங்கு சமூக உறவுகளை மாற்றும் சக்தியாகவன்றி, நுகர்வுப் பண்டங்களின் ஊற்றாகவே காட்சியளித்தது.

இச்சஞ்சிகையின் கருத்துநிலையை இரு படைப்புகளின் ஒப்பீடு தெளிவுபடுத்தும். 1927இல் அது எச். ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' நாவலை மறுபிரசுரம் செய்தது. டஸ்மேனிய மக்கள் ஐரோப்பியரால் அழிக்கப்பட்டமையைத் தொடக்கத்திலேயே நினைவூட்டும் அந்நாவல், ஆக்கிரமிப்பின் கொடுமையை ஆக்கிரமித்தோரின் தலைநகருக்கே கொண்டுவந்தது. மறு ஆண்டு ஓகஸ்டில் அதே சஞ்சிகையில் பிலிப் பிரான்சிஸ் நோலனின் கதை வெளிவந்தது. அதிலும் ஆக்கிரமிப்பு உண்டு. ஆயின் ஆக்கிரமிப்போர் ஆசியராகிய 'ஹான்' இனத்தவர், அடிமைப்பட்டோர் அமெரிக்கர். ஆசியரின் குடியேற்றத்தைத் தடைசெய்த 1924ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னணியில் இத்தலைகீழாக்கம் தற்செயலானதன்று. வெல்ஸ் ஏகாதிபத்தியத்தின் மனச்சாட்சியை உறுத்தினார். நோலன் அதன் அச்சத்துக்கு வடிவம் கொடுத்தார். இக்கதையின் நாயகனே 1929இல் 'பக் ரோஜர்ஸ்' சித்திரத்தொடரின் வீரனானான்.

எழுத்தாளர் நிலையும் மனங்கொளத்தக்கது. 1927இல் வெளியான எச். பி. லவ்கிராப்டின் கதையொன்றுக்கு 'அமேசிங் ஸ்ரோரீஸ்' வழங்கியது 25 டொலர். சொல்லொன்றுக்கு ஏறத்தாழ ஐந்திலொரு சதம். கேர்ன்ஸ்பாக் பின்னர் நடத்திய 'வொண்டர் ஸ்ரோரீஸ்' சஞ்சிகையில் 1934இல் கதை வெளியிட்ட டொனால்ட் வோல்ஹைம், ஊதியம் பெறாத வேறு சிலருடன் இணைந்து வழக்கிட வேண்டியதாயிற்று. 1930இல் தோன்றிய 'அஸ்ரவுண்டிங்' சொல்லுக்கு இரண்டு சதம் வழங்கியது. ஆயினும் அதன் தொடக்ககாலக் கதைகள் பெரும்பாலும் சாகச வாய்பாட்டினுள்ளேயே அடங்கின. கூலி உயர்ந்தும் பண்டத்தின் இயல்பு மாறவில்லை.

இக்கதைகளில் சமூக முரண்பாடு புலப்படவேயில்லை எனக் கூறுதல் பொருந்தாது. டேவிட் எச். கெல்லரின் 'பாதசாரிகளின் கிளர்ச்சி' (1928) இதற்குத் தக்க சான்று. மோட்டார் வாகனங்களிலேயே வாழ்ந்து கால்கள் சூம்பிய ஆளும் மக்கள், நடப்போரை வேட்டையாடுகின்றனர். தொழினுட்பம் வர்க்க ஆதிக்கத்தின் கருவியாதலைக் கெல்லர் கூர்மையாகக் கண்டுள்ளார். ஆனால் தீர்வோ மக்கள் இயக்கத்திலிருந்து பிறக்கவில்லை. மின்சாரத்தை முடக்கும் தனியொரு விஞ்ஞானியின் பொறியிலிருந்தே பிறக்கின்றது. பிரச்சினையைக் காணவல்ல குட்டிபூர்ஷ்வாக் கற்பனை, வரலாற்றை ஆக்கும் சக்தியைக் காணமுடியாது தனிமனிதனிடம் சரணடைகின்றது.

எனினும் பண்டம் தன்னை ஆக்கியோரின் நோக்கத்துள் முற்றாக அடங்குவதில்லை. விற்பனைக்கு உதவிய வாசகர் கடிதப் பகுதியில் கடிதம் எழுதியோரின் முழு முகவரிகளும் அச்சாயின. அவற்றின்வழி இளைஞர் ஒருவரையொருவர் கண்டறிந்து கழகங்கள் அமைத்தனர். 1938இல் நியூயோர்க்கில் உருவான 'பியூச்சரியன்ஸ்' குழுவில் இடதுசாரிச் சார்புடையோர் பலர் இருந்தனர். 1939இல் நடந்த முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டுக்குள் அக்குழுவினர் அறுவர் அனுமதிக்கப்படவில்லை. அவர்களது துண்டுப்பிரசுரங்கள் பற்றிய அச்சமே காரணம். எதிர்காலம் யாருக்குரியது என்னும் வினா, கதைகளில் மழுங்கடிக்கப்பட்டபோதும் வாசகரிடையே உயிர்பெற்றது.

ஆகவே இச்சஞ்சிகைகளைப் புறக்கணித்தலும் போற்றுதலும் ஒருங்கே போதாதவை. ஒரு சமூகம் தன் நாளையைப் பற்றிக் காணும் கனவில் அதன் இன்றைய உடைமை உறவுகளே பேசுகின்றன. அக்கனவுகளில் யந்திரங்கள் பெருகியும் அவற்றை இயக்கும் தொழிலாளி பெரும்பாலும் காணப்படாமையே, அவை நமக்கு விட்டுச்சென்ற முக்கியமான சான்றாகும்.