நடுவில் ஒரு மொழி

ருஷ்ய நாவல்கள் நமக்கு மிக நெருக்கமானவை என்று நம் எழுத்தாளர்கள் சொல்லிக்கொள்வது பொய்யல்ல. ஆனால் அந்த நெருக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகக் கிடைத்தது. மாஸ்கோவிலிருந்தே தமிழில் வந்த புத்தகங்கள் உண்டு என்றாலும், நம்மில் பலர் தாஸ்தாயெவ்ஸ்கியை அறிந்தது கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் ஆங்கிலத்தில்தான். நானும் அப்படியே.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. ருஷ்ய மொழியில் எதிரே நிற்பவரை அழைக்க ‘தி’, ‘வி’ என்று இரண்டு சொற்கள். தமிழில் நீ, நீங்கள். இரு மொழிகளுக்கும் தெரிந்த இந்த வித்தியாசம் நடுவில் நிற்கும் மொழிக்குத் தெரியாது. அங்கே எல்லோரும் ‘யூ’.

‘குற்றமும் தண்டனையும்’ (1866) நாவலின் ஐந்தாம் பாகத்தில், ரஸ்கோல்நிகோவ் கொலை செய்தது தானே என்பதை சோனியா உணர்ந்துகொள்ளும் இடத்தை எடுத்துக்கொள்வோம். அதுவரை அவள் அவனை ‘வி’ என்றே அழைக்கிறாள். உண்மை தெரிந்த மறுகணம்கூட ‘வி’தான். அவனைக் கட்டிக்கொண்ட பிறகு, இவனைவிட துர்ப்பாக்கியசாலி உலகில் இல்லை என்று சொல்லும்போது ‘தி’ வந்துவிடுகிறது. கொலையின் பயங்கரம் மீண்டும் மனதில் தைக்கிறபோது ‘வி’ திரும்புகிறது. ஒரு ஆத்மாவின் அலைச்சலை ஆசிரியர் இரண்டு சிறு சொற்களில் வைத்திருக்கிறார். 1914ல் வந்த கார்னெட்டின் பிரதியில் அதற்குச் சுவடு கிடையாது. அது அவருடைய குற்றமுமல்ல.

ஆங்கிலத்தை மட்டும் பார்த்துத் தமிழாக்குகிறவர், சோனியா ஒரு பெண் என்பதால், யோசிக்காமல் முழுக்க ‘நீங்கள்’ போட்டுவிடுவார். மூலம் தெரிந்து ‘நீ’ போட்டாலும் காரியம் முடிவதில்லை. நம்முடைய பழைய வீடுகளில் பெண் ஆணிடம் நெருங்க நெருங்க ‘நீ’க்கு இறங்குவதில்லை, ‘நீ’ வந்தால் அது சண்டை. இன்று கல்லூரிப் பெண்கள் சகஜமாகச் சொல்கிறார்கள். அந்த சகஜமும் சோனியாவுடையதல்ல. அவளுடைய ‘தி’க்கு அருகில் வருவது, தாய் பிள்ளையிடம் சொல்வதும், ஆண்டாள் கண்ணனிடம் சொல்வதுமான ‘நீ’. வாசகன் திடுக்கிட்டாலும் பரவாயில்லை, நான் ‘நீ’ என்றே போடுவேன்.

இதைவிட ஆபத்தானது படர்க்கை. ஆபத்து என்பது யாரும் கவனிக்காததால். ருஷ்யனிலும் ஆங்கிலத்திலும் ஓர் ஆணுக்கு ஒரே சொல். தமிழில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ‘அவனா’, ‘அவரா’ என்று முதல் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதியாக வேண்டும். மாணவன் ரஸ்கோல்நிகோவ் ‘அவன்’, விசாரணை அதிகாரி போர்ஃபிரி ‘அவர்’. தாஸ்தாயெவ்ஸ்கி விதிக்காத அந்தஸ்துகள் இவை. வங்கிக் கவுண்டரில் நாங்கள் தினமும் செய்கிற காரியந்தான்: நீட்டுகிற கையைப் பார்த்து நீயா, நீங்களா என்று முடிவு செய்வது.

மர்மெலாதோவ் என்ன ஆவது? வேலை பறிபோன குமாஸ்தா; மகள் தந்த முப்பது கோபெக்கையும் குடித்துத் தீர்த்தவன். ‘அவன்’ என்றால், மதுக்கடையில் அந்த மனிதனைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டத்தோடு கதைசொல்லியும் சேர்ந்துகொள்கிறான். ‘அவர்’ என்றால் அந்தக் கேவலம் மழுங்கிவிடுகிறது. நானே இரண்டு வாக்கியத்துக்கு முன்னால் ‘தீர்த்தவன்’ என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பெயரையே எழுதித் தப்பலாம் என்றால் நம் வினைமுற்று விடாது: மர்மெலாதோவ் சொன்னான், மர்மெலாதோவ் சொன்னார்.