முயலுக்குப் போட்ட வேலி

'ராபிட் ப்ரூஃப் ஃபென்ஸ்' 2002-ல் வந்த ஆஸ்திரேலியப் படம். இயக்கம் ஃபிலிப் நாய்ஸ். இதுவரை பார்க்காதவர்கள் தேடிப் பிடித்துப் பாருங்கள். அடிதடி, ரத்தம் எல்லாம் அதிகம் கிடையாது. ஆனாலும் வயிற்றைப் பிசைகிறது.

கதை நிஜம். வருஷம் 1931. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜிகலாங் என்ற இடத்தில் மாலி, டெய்ஸி, கிரேஸி என்று மூன்று சிறுமிகள். அம்மாக்கள் பூர்வகுடிகள், அப்பாக்கள் வெள்ளைக்காரர்கள். அந்தக் 'கலப்பு' போதும், அரசாங்கம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போக. தாய் கதறக் கதறக் காரில் ஏற்றி, ரொம்ப தூரத்தில் இருக்கும் மூர் ரிவர் முகாமில் அடைக்கிறார்கள். மூன்று பேரும் தப்பித்து நடக்க ஆரம்பிக்கிறார்கள். முயல்களைத் தடுக்க 1901-லிருந்து 1907 வரை அரசாங்கம் கட்டிய வேலிதான் அவர்களுக்கு வழிகாட்டி. அந்த வேலியை முயல்கள் சட்டை செய்யவில்லை என்பது வேறு விஷயம். 1,600 கிலோமீட்டருக்குக் குறையாத நடை. கிரேஸி பிடிபட, மற்ற இரண்டு பேரும் வீடு சேர்கிறார்கள்.

படத்தில் வில்லன் இல்லை. ஓர் அதிகாரி இருக்கிறார். ஏ.ஓ. நெவில். பதவி, பூர்வகுடிகளின் தலைமைப் பாதுகாவலர். பேரைப் பாருங்கள்! 1905-ம் வருஷச் சட்டப்படி, பதினாறு வயது வரை பூர்வகுடிக் குழந்தைகளுக்கெல்லாம் அவர்தான் கார்டியன். பெற்ற தாய் அப்புறம்தான். கென்னத் பிரானா இந்த மனுஷரைக் குரல் உயர்த்தாமல் நடித்திருக்கிறார். ஒரு பெண் புது ஷூ வாங்க அனுமதி கேட்டு மனு வருகிறது. போன வருஷம்தானே வாங்கினாள் என்று மறுத்துவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போகிறார். அந்த ஒரு நிமிஷம் போதும், படம் ஜெயித்துவிட்டது.

எனக்கு ஒரே ஒரு குறை. 'அப்பாடா, வீடு வந்தாச்சு' என்று நாம் மூச்சு விடும்போது கடைசியில் மாலியின் குரலில் சில வரிகள் வருகின்றன. வளர்ந்து தாயான மாலியை 1940-ல் இரண்டு மகள்களோடு மறுபடி அதே மூர் ரிவருக்குக் கொண்டுபோனார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடி நடந்தாள். பிற்பாடு அந்தக் குழந்தையையும் பறித்துக்கொண்டார்கள். விட்டுவர நேர்ந்த மூத்த மகள் டோரிஸ் பில்கிங்டன்தான் 1996-ல் இந்தக் கதையைப் புத்தகமாக எழுதியவர். இதையெல்லாம் சில வரிகளில் சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. மாலி வீடு திரும்பினாளே தவிர, சட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. தப்பித்த சந்தோஷத்தில் அதை நாம் மறந்துவிடுகிறோம்.

2008-ல் பிரதமர் கெவின் ரட் பார்லிமென்ட்டில் மன்னிப்புக் கேட்டார். 2023-ல், தங்களைப் பற்றிய விஷயங்களில் பார்லிமென்ட்டுக்கு யோசனை சொல்ல பூர்வகுடிகளுக்கு ஒரு சபை வேண்டுமா என்று நாட்டு மக்களிடம் வாக்கெடுப்பு. யோசனை மட்டும்தான், வீட்டோ கிடையாது. ஏறக்குறைய 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

நெவிலும் அவர்களுக்கு நல்லது செய்வதாகத்தான் நம்பினார். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.