பார்சிலோனா வாங்கியதும் இழந்ததும்

2025 செப்டம்பரில் பாரிஸில் பாலோன் தோர் விருது அறிவிக்கப்பட்டபோது முதலிடம் உஸ்மான் டெம்பெலேவுக்கும் இரண்டாமிடம் லமின் யமாலுக்கும் கிடைத்தது. பார்சிலோனா கிளப் வீரர்களை வாங்கும் முறையைப் பற்றிப் பேச இந்த இரண்டு பெயர்களே போதும். டெம்பெலேயை 2017இல் 10.5 கோடி யூரோ கொடுத்து, அதற்கு மேலும் கூடுதல் தொகைகளுக்கு ஒப்புக்கொண்டு வாங்கியது அந்த கிளப். 2023இல் சுமார் 5 கோடிக்கு பாரிஸ் செயின்ட் ஜெர்மைனிடம் அவரை விட்டுக்கொடுத்தது. யமால் சிறுவனாக அந்த கிளப்பின் லா மாசியா பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து அங்கேயே வளர்ந்தவர்.

ஜுசெப் மரியா பர்தொமேவு தலைவராக இருந்த காலத்தைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்கிறார்கள்: தவறான ஆட்களை வாங்கினார்கள் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. டெம்பெலேயின் திறமையை இருபது வயதிலேயே கண்டுகொண்டவர்களின் கணிப்பு பொய்க்கவில்லை. எந்த நேரத்தில், என்ன விலைக்கு, அணியில் எந்த இடத்துக்காக வாங்கினார்கள் என்பதில்தான் பிழை இருந்தது.

அதே பர்தொமேவுவின் தொடக்க காலத்தையும் பார்க்க வேண்டும். 2014 கோடையில் லூயிஸ் சுவாரஸ், இவான் ராக்கிடிச், கோல்காப்பாளர் டெர் ஸ்டெகன் ஆகியோர் வந்தார்கள். உலகக் கோப்பையில் எதிரணி வீரரைக் கடித்ததற்காகத் தடை பெற்றிருந்த சுவாரஸ் அக்டோபர் கடைசி வரை ஆட முடியாது என்று தெரிந்தேதான் வாங்கினார்கள். ஏனென்றால் அவருக்கான இடம் அணியில் காலியாக இருந்தது. நடுவில் ஒரு கோலடிப்பவர், வலப்பக்கத்தில் மெஸ்ஸி, இடப்பக்கத்தில் நெய்மர். 2015இல் லா லீகா, கோப்பா டெல் ரே, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் அந்த அணி வென்றது. அந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்த விளையாட்டு இயக்குநர் ஆந்தோனி சுபிசரெத்தா, கோப்பைகள் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, அந்த ஜனவரியில் பதவி நீக்கப்பட்டுவிட்டார். அவருக்குப் பின் ரோபர்ட் ஃபெர்னாண்டஸ், எரிக் அபிதால், ராமோன் பிளானெஸ் என்று இயக்குநர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் போட்ட திட்டத்தை அடுத்தவர் தொடரவில்லை.

2017 ஆகஸ்டில் நெய்மருக்கான விடுவிப்புத் தொகை 22.2 கோடி யூரோவைக் கட்டி பாரிஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. பார்சிலோனாவிடம் எவ்வளவு பணம் இருக்கிறது, எவ்வளவு அவசரம் இருக்கிறது என்பது ஐரோப்பா முழுக்கத் தெரிந்துபோனது. மடியில் பணம் வைத்திருப்பதை ஊருக்கே காட்டிவிட்டு மாட்டுச்சந்தைக்குப் போனவரிடம் யார் விலையைக் குறைப்பார்கள்? டெம்பெலேயை வைத்திருந்த டார்ட்மண்ட் தன் விலையில் விடாப்பிடியாக நின்றது. லிவர்பூல் ஆகஸ்டில் பிலிப் கோட்டீன்யோவைத் தர மறுத்துவிட்டு, ஜனவரியில் 12 கோடிக்கும் மேலும் 4 கோடி வரை கூடுதல் தொகைக்கும் விற்றது. அதே ஜனவரியில் வான் டைக்கையும் அடுத்த கோடையில் கோல்காப்பாளர் அலிசனையும் லிவர்பூல் வாங்கியது. தன் அணியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று லிவர்பூலுக்குத் தெரிந்திருந்தது. 2019 மே மாதம் ஆன்ஃபீல்டில் அந்த அணி பார்சிலோனாவை 4-0 என்று புரட்டிப்போட்டபோது அந்த இருவரும் களத்தில் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் ஆடத் தொடங்கிய கோட்டீன்யோ ஆட்டம் முடியும் முன்பே வெளியே எடுக்கப்பட்டார்.

கோட்டீன்யோவின் ஆட்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இடப்பக்கம் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி வந்து, வலது காலால் வளைத்து அடிப்பது அவர் கைவந்த கலை. இனியெஸ்டாவின் இடத்தை நிரப்புவார் என்றுதான் அவரைக் கொண்டுவந்தார்கள். நடுக்களத்தில் அவர் நிலைக்கவில்லை என்றதும் இடது முனையில் நிறுத்தினார்கள். அங்கே அவர் உள்ளே வர வர, மெஸ்ஸியும் வலப்பக்கத்திலிருந்து உள்ளே வருவார். இருவரும் ஒரே நிலத்துக்குப் போட்டியிட்டார்கள். ஓரத்தை அகலமாக வைத்திருக்கும் வேலை இடது பின்கள வீரர் ஜோர்டி ஆல்பா ஒருவர் தலையில் விழுந்தது. 2019இல் 12 கோடி கொடுத்து வாங்கிய ஆந்துவான் கிரீஸ்மனுக்கும் இதே கதிதான். அட்லெட்டிகோ மாட்ரிடில் கோலடிப்பவருக்குச் சற்றுப் பின்னால் நின்று ஆடியவர் அவர். பார்சிலோனாவில் அந்த நிலம் மெஸ்ஸியுடையது. உலகக் கோப்பை வென்ற ஒரு வீரரைக் கொண்டுவந்து, அவருக்குப் பழக்கமில்லாத ஓரத்தில் நிறுத்தினார்கள். 2020 ஆகஸ்டில் லிஸ்பனில் பேயர்ன் மியூனிக் பார்சிலோனாவை 8-2 என்று வென்ற இரவில் கடைசி இரண்டு கோல்களை அடித்தவர் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய கோட்டீன்யோ. பார்சிலோனா அவரை பேயர்னுக்குக் கடனாக அனுப்பியிருந்தது.

நெய்மர் போன பிறகு வேறென்னதான் செய்திருக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பார்சிலோனா ஒரு முதலாளியின் சொத்தல்ல. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுக்குச் சொந்தமானது. தலைவரை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிய பெயர் ஒன்று போனால் இன்னொரு பெரிய பெயரைக் கொண்டுவராத தலைவர் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது. 2003இல் ஜுவான் லப்போர்த்தா பெக்காமைக் கொண்டுவருவதாகச் சொல்லித்தான் வாக்குக் கேட்டார். பெக்காம் ரியல் மாட்ரிடுக்குப் போனார், பார்சிலோனாவுக்கு ரொனால்டினோ கிடைத்தார். அன்று அதிர்ஷ்டம் கைகொடுத்தது. 2017இல் அப்படி எதுவும் நடக்கவில்லை. உறுப்பினர்களின் உரிமை அந்த கிளப்பின் பெருமை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் வீரர்களை வாங்கும் முடிவு அந்த ஓட்டுக்கணக்கோடு பிணைந்திருப்பது ஆபத்து.

கணக்குப் புத்தகத்தில் நடந்தது இதைவிட மோசம். ஒரு வீரரை வாங்கும் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதலாம். விற்றால் வரும் லாபத்தை அந்த ஆண்டிலேயே முழுதாக வரவு வைக்கலாம். விதிகள் அனுமதிக்கும் வழிதான் இது, எல்லா கிளப்களும் பின்பற்றுகின்றன. 2020 ஜூன் கடைசியில், நிதியாண்டு முடியும் தறுவாயில், 23 வயது ஆர்தரை யுவெண்டஸுக்கு 7.2 கோடிக்கு விற்று, அங்கிருந்து 30 வயது மிராலெம் பியானிச்சை 6 கோடிக்கு வாங்கினார்கள். ஆர்தரை கிரேமியோவிலிருந்து 3.1 கோடிக்கு வாங்கி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆகவே ஏட்டில் பெரிய லாபம் ஏறியது, பியானிச்சுக்கான செலவோ வரப்போகும் ஆண்டுகளுக்குத் தள்ளப்பட்டது. நடுக்களத்தில் இளையவர் ஒருவர் போய், ஆட்ட வாழ்வின் இறக்கத்தில் இருந்தவர் வந்தார். பியானிச் ஒரு பருவம் ஆடிவிட்டு துருக்கிக்குக் கடனாகப் போனார். ஆடுகளத்தின் தேவையை விட்டுவிட்டு, நிதியாண்டின் கடைசித் தேதிக்காக ஆளை மாற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே கோடையில் சுவாரஸை அட்லெட்டிகோவுக்கு மிகக் குறைந்த தொகைக்கு அனுப்பிவைத்தார்கள். அவர் அங்கே லா லீகாவில் 21 கோல்கள் அடித்துப் பட்டத்தை வாங்கித் தந்தார்.

2021இல் மீண்டும் தலைவரான லப்போர்த்தா, அந்த ஆகஸ்டில் கடன் 135 கோடி யூரோ என்றும் சம்பளச் செலவு வருமானத்தில் 103 விழுக்காடு என்றும் அறிவித்தார். கொரோனா மைதானங்களை மூடியது உண்மைதான், ஆனால் அது எல்லா கிளப்களையும் பாதித்தது. லா லீகாவின் சம்பள வரம்புக்குள் அடங்க முடியாமல் மெஸ்ஸி வெளியேறினார். டெம்பெலே, கோட்டீன்யோ, கிரீஸ்மன் என்ற மூன்று பெரிய கொள்முதல்களில் கொட்டிய பணத்துக்கு அந்த கிளப் கொடுத்த கடைசி விலை அதுதான்.

இத்தனைக்கும் அந்த ஆண்டுகளிலேயே அதே கிளப், லாஸ் பால்மாஸிலிருந்து பெட்ரி என்ற பதினாறு வயதுச் சிறுவனை 2019இல் 50 லட்சம் யூரோ அடிப்படை விலைக்கு ஒப்பந்தம் செய்தது. உருகுவேயின் பாஸ்டன் ரிவர் அணியிலிருந்து ரொனால்டு அரௌஹோவைக் கொண்டுவந்தது. ஒருவர் நடுக்களத்தின் அச்சாகவும் இன்னொருவர் அணித்தலைவர்களில் ஒருவராகவும் ஆனார்கள். தலைவர் தலையிடாமல், கேமராக்கள் துரத்தாமல் நடந்த இந்தக் கொள்முதல்களில் கிளப்பின் கணிப்பு அவ்வளவு கூர்மையாக இருந்தது.

லப்போர்த்தாவின் இரண்டாம் வருகையையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். 2022இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு வருமானத்தில் கால் பங்கை 25 ஆண்டுகளுக்கு விற்று லெவன்டோவ்ஸ்கி, ரஃபீன்யா, கூண்டே ஆகியோரை வாங்கினார். அடுத்த ஆண்டே லா லீகா பட்டம் வந்தது, 2025இல் மீண்டும் வந்தது. ரஃபீன்யாவும் கூண்டேயும் அணியில் இடமறிந்து வாங்கப்பட்டவர்கள். இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் அந்த 25 ஆண்டுகளில் வரப்போகும் தலைவர்களின் வருமானத்தையும் சேர்த்துத்தான் செலவழித்திருக்கிறார்கள். 2024இல் 5.5 கோடிக்கு வாங்கிய டானி ஓல்மோவின் பெயரை, சம்பள வரம்பு குறுக்கே நின்றதால், பருவத்தின் இரண்டாம் பாதிக்குப் பதிவு செய்யவே அரசின் விளையாட்டுக் கவுன்சில் தலையிட வேண்டிவந்தது. 2025 கோடையில் கிளப் விரும்பிய நிகோ வில்லியம்ஸ், பில்பாவோவிலேயே 2035 வரை ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். பெயர் பதிவாகுமா என்ற சந்தேகம் அந்தப் பேச்சுவார்த்தை முழுக்க நிழலாடியது. பிறகு மார்கஸ் ராஷ்ஃபோர்டைக் கடனாகக் கொண்டுவந்தார்கள். இடது முனையில் ஆள் வேண்டும் என்ற தேவைக்கு அது பொருத்தமான, விலை குறைந்த ஏற்பாடு.

விளையாட்டு இயக்குநரின் பதவிக்காலத்தைத் தலைவரின் பதவிக்காலத்திலிருந்து பிரித்து கிளப்பின் விதிகளிலேயே எழுதிவைக்கலாம். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் எந்தக் கொள்முதலுக்கும், அந்த வீரர் எந்த இடத்தில், யாருக்குப் பதிலாக ஆடுவார் என்று பயிற்சியாளரும் இயக்குநரும் கையெழுத்திட்ட குறிப்பு ஒன்றை உறுப்பினர் பேரவையின் முன் வைக்கச் சொல்லலாம். 2018 ஜனவரியில் கோட்டீன்யோவுக்காக அப்படியொரு குறிப்பு கேட்கப்பட்டிருந்தால், அதில் எழுதியிருக்கக்கூடிய இனியெஸ்டாவின் இடம் அவருக்குப் பொருந்துமா என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்கும்.