உப்பளத்துப் பொன்னாச்சி

கேலாங் சிராய்ச் சந்தையில் பெண்கள் கடை நடத்திப் பொருளீட்டுவதைக் காணலாம். ஈட்டிய பொருள் அவர்களுக்கே உரியதாதல் வேண்டுமன்றோ? மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையை 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம் சிங்கப்பூரில் உறுதிசெய்தது. இத்தகைய காப்பின் அருமை, அஃது எட்டாத இடத்தைக் காணும்போது விளங்கும்.

அவ்விடத்தைக் காட்டுவது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' (1979). தூத்துக்குடி உப்பளத்தில் பொன்னாச்சி உழைக்கிறாள், கூலியும் பெறுகிறாள். ஆயினும் உப்பு உடலை அரிக்கிறது. அளத்தில் அதிகாரம் உடையோரின் தகாத பார்வை மானத்தை அச்சுறுத்துகிறது. வேலை கிடைத்தாலே பெண் உயர்ந்துவிடுவாள் என்பார்க்கு இந்நாவல் தக்க மறுமொழி. சிலவிடங்களில் களச்செய்திகள் கதையை முந்துவது குறையே. அச்செய்திகள் இன்றேல் அவள் துயர் வெறுங்கற்பனையாய்த் தோன்றியிருக்கும்.

கூலி, காப்பு, உரிமை மூன்றும் கூடியதே முன்னேற்றம். இதனை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைப்பார்களாக.